வேர் வெள்ளையாகத்தான் கிடந்தது

முரசுமோட்டைக்காரன்:
2018 மார்கழியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டபின் கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூன்றாம் நாள், அயல் வயற்காரரான பெரியவரோடு வரம்பில் நின்றுகொண்டு, இந்த மண்ணில் இனி ஒன்றும் மிஞ்சாது, காணியை விற்றுப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதே புத்தி என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. சாரத்தை மடித்துக் கட்டித் தொடையளவு நீரில் இறங்கி, கையைத் தாழவிட்டு ஒரு பயிரை அடியோடு பிடுங்கினார். சேற்றைப் பெருவிரலால் வழித்துவிட்டு வேரைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "தம்பி, வேர் இன்னும் வெள்ளையாத்தான் கிடக்கு. தண்ணி வடியட்டும், பாப்பம்" என்றார். 2009இல் போரில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். மீள்குடியேறிய ஆண்டில் தறப்பாளின் கீழ் இருந்துகொண்டே அதே காணியை விதைத்தவர். அப்படிப்பட்டவரிடம் "உங்களுக்கு விசர்" என்று சொன்னேன். அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

கிளிநொச்சி ஆசிரியை:
மேலே எழுதியவரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. நெல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிடலாம். பிடுங்கிப் பார்க்க ஏதுமில்லாதவர்கள் என்ன செய்வது? 2017 மாசி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பந்தலுக்குச் சென்றிருந்தபோது ஓர் அம்மாவிடம், "மகனுக்கு எத்தனை வயதாக இருந்தது?" என்று கேட்டேன். மகனின் படத்தின் பொலித்தீன் உறையில் படிந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே, "இப்ப முப்பத்திரண்டு, பிள்ளை" என்றார். "இருந்தது" என்ற என் சொல்லை அவர் திருத்திய விதம் இன்னும் நெஞ்சை விட்டகலவில்லை. அதை நம்பிக்கை என்று புகழ்ந்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவது, பதில் சொல்லவேண்டியவர்களுக்கே வசதியாகிவிடும். ஆனால் அதை வீண் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அன்று முதல் அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் இறந்தகாலத்தில் பேசுவதில்லை.

முத்தையன்கட்டு:
என் அனுபவம் சிறியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு விளைச்சல் படுத்துப்போனபோது, அம்மா விதைநெல்லுக்கென ஒரு மூட்டையைக் கட்டி ஒதுக்கிவைத்தார். சோற்றுக்கு அரிசி தேடிய நாட்களிலும் அதைத் தொட அவர் விடவில்லை.

முதலாமவர் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன், ஏனெனில் பெரியவர் செய்தது கண்மூடித்தனமான நம்பிக்கை அன்று, சோதனை. வெள்ளத்துக்குப் பின் ஒரே இடத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியே பிடுங்கிப் பாருங்கள். தண்டின் அடியை விரலால் அமர்த்தும்போது உறுதியாக இருந்தால் உயிருண்டு. நெகிழ்ந்து நாற்றமடித்தால் இல்லை. வாய்க்காலை வெட்டி நீரை வடியவிடுங்கள். வடிந்த கையோடு யூரியா எறியாமல், புதிய இலை தலைகாட்டும் வரை சில நாட்கள் பொறுத்திருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் முழுதாக மூழ்கிய பயிர் பெரும்பாலும் தப்பாது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் வரம்பில் நின்றபடி எல்லாம் போயிற்று என்று சொல்பவருக்கு, எது போயிற்று, எது மிஞ்சிற்று என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

முரசுமோட்டைக்காரன்:
ஆசிரியை கேட்டது நியாயம். அந்த அம்மாவின் காத்திருப்பை ஒரு போக நெல்லோடு சேர்த்து நிறுக்க நான் எண்ணவில்லை. பெரியவரின் ஐந்து ஏக்கரில் பள்ளப்பக்கம் இரண்டு ஏக்கரும் அழுகிப்போயின. மேட்டுப்பக்கம் மூன்று ஏக்கர் அறுவடைக்கு வந்தது. வெட்டி முடித்த மறுநாள் புதுநெல்லில் ஒரு பையைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். பழைய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது, அடுத்த சிறுபோகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதாம் என்று அவர் என்னிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.