அப்பாவுக்கு டிபி, கூடவே சுகர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வியாசர்பாடியில் இருக்கிறோம். 12 வருடமாக சுகர் உள்ள அப்பாவுக்குப் போன மாதம் நுரையீரல் காசநோய் என்று தெரிந்து 6 மாத மாத்திரை தொடங்கியாச்சு, ஆனால் வெறும் வயிற்றில் 140க்குள் இருந்த சுகர் இப்போது 260க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. டிபியே சுகரை ஏற்றுமாம், டிபி மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வேறு, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடுமாம், அதனால் இன்சுலின் போடச் சொல்கிறார் டாக்டர். அப்பாவோ ஊசி என்றாலே எழுந்து போய்விடுகிறார் (இருமலுக்கு 2 மாதம் சிரப் குடித்தே ஓட்டியவர்!).

இரண்டும் சேர்ந்து வந்தவர்கள் வீட்டில், டிபி மருந்து முடிந்ததும் இன்சுலினை நிறுத்த முடிந்ததா? அப்புறம் சாப்பாடு. உடம்பு தேற நன்றாகச் சாப்பிட வேண்டும், சோற்றையும் குறைக்க வேண்டும். முட்டை, சுண்டல் தவிர என்ன கொடுத்தீர்கள்?