மியூசியமும் கார் ஷோவும்: போய் வந்தவர்கள் பார்த்ததும் பேசியதும்

மியூசியத்துக்கும் ஞாயிறு கார் ஷோவுக்கும் போன நம் பழைய கார் கிளப்காரர்கள் எல்லாரும் திரும்பி வந்தாயிற்று. போட்டோக்கள் வந்து குவிகின்றன, எழுத்துதான் ஒன்றையும் காணோம். நானே ஆரம்பித்து வைக்கிறேன். எந்த வண்டிக்கு எத்தனை குதிரைசக்தி என்ற பட்டியல் வேண்டாம், அது பலகையிலேயே இருக்கிறது. எந்த வண்டி முன்னால் கால் நின்றது, யாரோடு பேசினீர்கள், அதை இதற்குக் கீழேயே ஆளுக்கு ஒரு பதிவாக எழுதுங்கள்.

எனக்கு முதலில் கால் நின்றது மியூசியத்தில் இருந்த ஃபோர்டு மாடல் டி முன்னால். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி தயாரானது என்பதெல்லாம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அங்கே தன்னார்வலராக இருக்கும் ஒரு பெரியவர் கயிற்றைத் தூக்கி எங்களை உள்ளே விட்டு, "கீழே பாருங்க, மூணு பெடல். ஓட்டிடுவீங்களா?" என்றார். நம் பசங்களில் ஒருவன், "கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். இதுல என்ன சார்?" என்றான். இதற்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார்.

இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர். பாதியில் பிடித்தால் நியூட்ரல். காலை எடுத்துவிட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது ஓரத்தில் நாம் ஆக்சிலரேட்டர் என்று நினைத்து மிதிப்போமே, அதுதான் பிரேக்! ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங்குக்கு அடியில் கையால் தள்ளும் ஒரு சின்ன லீவர். அதற்கு எதிர்ப்பக்க லீவர் ஸ்பார்க், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி, விழும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்த. ஸ்டார்ட் செய்ய ஹேண்டிலைப் போட்டுச் சுற்றும் முன் ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளாவிட்டால் இன்ஜின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடுமாம். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்கள் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார்.

செங்குத்தான மேடென்றால் ரிவர்ஸிலேயே ஏறுவார்கள் என்றும் சொன்னார். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, தானாக வழிந்து வர வேண்டியதுதான். டேங்கில் கொஞ்சமாக இருந்து மூக்கும் மேலே தூக்கிவிட்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் எட்டாது. போதாததற்கு, முதல் கியரைவிட ரிவர்ஸுக்குத்தான் இழுவை அதிகம். இதில் ஒரு வரிகூடப் பலகையில் இல்லை.

* * *

அண்ணா, அந்தப் பெரியவரை நாங்கள் தவறவிட்டோமே! நாங்கள் அப்போது இரண்டாவது ஹாலில், 1886 பென்ஸ் மூன்று சக்கர வண்டி முன்னால் நின்றிருந்தோம். அங்கே இருப்பது அசல் இல்லை, பிற்பாடு செய்த நகல். அதைப் பலகையிலேயே நேர்மையாகப் போட்டிருந்தார்கள். 954 சிசி, ஒரே சிலிண்டர், ஒரு குதிரைசக்திகூடத் தேறாது.

1888 ஆகஸ்டில், இந்த வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போன கதையை வழிகாட்டிப் பெண் சொன்னார். எரிபொருள் தீர்ந்து மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற பெட்ரோல் மாதிரியான திரவம் வாங்கியது, அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திவிட்டது எல்லாம் வந்தது. எல்லாரும் இதைக் கணவருக்குத் தெரியாமல் கிளம்பிய சாகசமாகவே சொல்கிறார்கள். எனக்கு அது ஒழுங்கான சோதனை ஓட்டமாகத்தான் படுகிறது. பிரேக் கட்டை தேய்ந்ததும் வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மேட்டில் பசங்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததால், இன்னொரு கியர் வேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். இன்று கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் வேலை.

* * *

நான் மியூசியத்துக்கு வரவில்லை, ஞாயிறு ஷோவுக்கு மட்டும் என் பழைய மோரிஸ் மைனர் காரில் வந்தேன். உள்ளே பார்த்ததைவிட வாசலில் பட்டதுதான் அதிகம்.

கேட்டில் நீண்ட வரிசை, உச்சி வெயில். இந்த வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. வண்டி நின்று ஐடிலில் ஓடினால் விசிறியும் சோம்பிவிடும், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. சூடு காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போனது, நான் அணைத்துவிட்டேன். வரிசை நகர்ந்ததும் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இருமுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் ஹார்ன் கச்சேரி.

பக்கத்து வரிசையில் டிரையம்ப் கார் வைத்திருந்தவர் இறங்கி வந்தார். முன்பின் பார்த்தது கிடையாது. "பானட்டைத் திறங்க. பெட்ரோல் லைன்லயே கொதிச்சு ஆவியாயிருக்கும், பம்ப் காத்தைத்தான் இழுக்குது" என்று சொல்லி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பைப்பின் மேல் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டது. "என் வண்டி இதைவிட மோசம், அதான் துணி எப்பவும் சீட்டுக்கடியில" என்றார். அப்புறம் மாலைவரை அவரோடுதான் சுற்றினேன்.

* * *

நான் கிளப் உறுப்பினர் இல்லை, உறுப்பினரின் மனைவி. கூட்டம் குறைவாக இருந்தால் எங்காவது உட்கார்ந்து படிக்கலாம் என்று பையில் புத்தகத்தோடு வந்தவள். அதைத் திறக்கவே இல்லை.

ஷோவில் ஒரு சிட்ரோயன் டிஎஸ், வயிறு தரையில் படுகிற மாதிரி படுத்துக் கிடந்தது. டயரில் காற்றில்லை போலும் என்று நினைத்தேன். உரிமையாளர் அம்மா சாவியைத் திருப்பினார். தூங்கி எழும் ஒட்டகம்போல வண்டி மெல்ல எழுந்தது! சஸ்பென்ஷனில் சுருள் கம்பிக்குப் பதில் எண்ணெயும் வாயுவும். 1955இல் இதைச் செய்திருக்கிறார்கள். பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான். பஞ்சர் ஆனால் வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, ஓரத்தில் தாங்குகட்டை கொடுத்து, பிறகு இறக்கச் சொன்னால் சக்கரம் தானே தரையை விட்டு மேலே போகுமாம்.

எதிரே பிஎம்டபிள்யூ இஸெட்டா. கதவு முகத்திலேயே இருக்கிறது, திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே வெளியே வருகிறது. "முன்னால் இடித்துக் கதவு மாட்டிக்கொண்டால்?" என்று கேட்டேன். வண்டிக்காரர் சிரிக்காமல் மேலே கைகாட்டினார்: துணிக் கூரையைத் திறந்து ஏறி வர வேண்டும்.

* * *

சிவப்பு ஜாகுவார் பற்றி யாரும் எழுதாததால் கேட்கிறேன். பரிசு வாங்கியது சரிதானா? அந்தப் பெயிண்ட் பளபளப்பு ஃபேக்டரியில் வெளிவந்த அன்றுகூட இருந்திருக்காது. பக்கத்தில் சாயம் வெளுத்து, சீட் தோல் வெடித்து, ஒரு போல்ட்கூட மாற்றாமல் நின்ற வண்டியை நடுவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

* * *

சார், அந்தப் பரிசு வகுப்பு ரெஸ்டோர் செய்த, அதாவது பழுது பார்த்துப் புதுப்பித்த வண்டிகளுக்கானது. பழமை மாறாதவற்றுக்குப் பல ஷோக்களில் தனி வகுப்பு உண்டு, இங்கே வைக்கவில்லை. குறை சொல்வதென்றால் அதைச் சொல்லலாம். மற்றபடி பல வருடம் டிங்கரிங் பார்த்து உழைத்த மனிதரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வெளுத்த வண்டி முன்னால்தான் நானும் அதிக நேரம் நின்றேன்.

மோரிஸ் மைனர்காரருக்கு ஒன்று: ஈரத்துணி அன்றைக்குச் சரி. பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட் பக்கம் ஒட்டிப் போகிறதா பாருங்கள், போனால் தள்ளிக் கட்டுங்கள். ரப்பர் ஹோஸ் பழசென்றால் கையோடு மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் கால ரப்பரை அரித்துவிடும். எந்த ஹோஸ் பொருந்தும் என்று போட்டோ போட்டுக் கேளுங்கள், இங்கே மைனர் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.