நிறுத்துற கட்டில்

பர்மாவின் பெகுவில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் தம்பி ஐந்து வாரம் படுத்தேதான் கிடந்தான். கண்ணைத் திறப்பான், பார்வை எதிலும் நிற்காது. யாங்கூனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் டில்ட் டேபிளைப் பார்த்தோம். அம்மா அதை "நிறுத்துற கட்டில்" என்பார்.

மல்லாக்கப் படுக்கவைத்து மார்பு, இடுப்பு, முழங்கால் மூன்றுக்கும் பட்டை கட்டுவார்கள். பாதம் அடிப்பலகையில் பதிந்திருக்க, தலைப்பக்கம் மெல்ல எழும். முதல் நாள் 30 டிகிரிகூட ஏறவில்லை. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்தது, பிரஷர் 110இலிருந்து 80க்கு இறங்கியது. உடனே சாய்த்துவிட்டார்கள். இனி இவன் நிற்கவே மாட்டான் என்று வராந்தாவில் போய் அழுதேன். மறுநாள் இரண்டு காலிலும் தொடைவரை பாண்டேஜ் சுற்றி ஏற்றினார்கள், தாங்கினான். அப்புறம் 45, 60 என்று ஏற இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

60ஐத் தாண்டிய அன்று, குனிந்தே பார்த்துப் பழகிய அவன் முகம் அம்மா முகத்துக்கு நேரே வந்தது. அம்மா திருநீறு பூசக் கையைக் கொண்டுபோனார். அவன் கண் அந்தக் கையோடு கூடவே போயிற்று. "இன்னொரு தடவை" என்றார் பயிற்சி கொடுத்த சயாமா (இங்கே மருத்துவம் பார்க்கும் பெண்ணை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம், ஆணானால் சயா). மறுபடியும் போயிற்று.

ஒரு வருத்தம் மட்டும் ஆறவில்லை. முதலில் இருந்த ஆஸ்பத்திரியில் பாதத்துக்கு முட்டுக் கொடுக்கவே இல்லை. பாதம் கீழ்நோக்கித் தொங்கி, குதிகால் தசைநார் இறுகிவிட்டது. குதிகாலுக்கு அடியில் ஆப்புக் கட்டை வைத்துத்தான் நிறுத்த முடிந்தது. தலையைப் பற்றிய கவலையில் நாங்களும் காலைக் கவனிக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால் இன்றே போர்வையை விலக்கிப் பாதத்தைப் பாருங்கள்.

*

அக்கா, நான் யாங்கூனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதல் நாள் நடந்தது தோல்வியே அல்ல. வாரக்கணக்கில் படுத்த உடம்பை நிமிர்த்தினால் ரத்தம் காலில் தேங்கும், ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கிக் கொடுக்காது. நிமிர்ந்த 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 இறங்கினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். அடிபட்ட மூளைக்கு ரத்தம் குறையக் கூடாது.

கால்களை நடப்பதுபோல் அசைக்கும் விலை கூடிய மேசை கிடைக்கவில்லையே என்று குடும்பங்கள் ஏங்குவதைப் பார்க்கிறேன். மயக்கம் வராமலிருக்க அந்த அசைவு உதவும், உண்மைதான். ஆனால் ஜெர்மனியில் நினைவு சரியாகத் திரும்பாத 50 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மேசையில் நின்றவர்களுக்குத்தான் விழிப்பு வேகமாகக் கூடியிருந்தது. இருக்கிற மேசையை நம்பி நிறுத்துங்கள் அக்கா.

*

நன்றி சயா. வீட்டுக்குப் போனதும் ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் பிடித்து நிற்கிற சட்டம் ஒன்று செய்யலாமா?

*

பிரஷர் நிலையாகி, தலையைத் தானே தூக்கிப் பிடிக்கிற அளவு வரட்டும், செய்யலாம். முழங்காலுக்கு முன்னால் மெத்தை, இடுப்புக்குப் பின்னால் அகலமான பட்டை, முன்னால் கையை ஊன்ற ஒரு பலகை. கயிறு மட்டும் வேண்டாம், தோலை அறுத்துவிடும். ஆசாரி அளவெடுக்கும்போது தம்பியைப் பார்க்கும் பிசியோவும் பக்கத்தில் இருக்கட்டும்.