எல்லாக் காலத்து பேஸ்பால் லீக்: டிவிஷன் கணிப்பில் உங்களை இன்னும் உறுத்துகிற சீசன் எது?

பகடைப்பெட்டி

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் காலத்து வீரர்களையும் அணிவாரியாகச் சேர்த்து ஆடுகிற எங்கள் லீகில் எட்டு அணி, இரண்டு டிவிஷன் (பிரிவு), அணிக்கு 84 ஆட்டம். வீரர்களின் நிஜப் புள்ளிவிவரத்தைக் கார்டாக்கி ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் விளையாட்டு, அதுவும் கார்டும் பகடையும்தான், கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய சிறந்த சீசனின் கார்டு. தொடங்குமுன் ஆளாளுக்கு டிவிஷன் வரிசையை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவோம். யாங்கீஸ் முதலிடம் என்று எழுத எனக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை. ரூத், கெரிக், டிமாஜியோ, மேன்ட்டில், பெர்ரா. இவர்களை வேறு எங்கே வைப்பது?

கடைசி நாள் காலையில் வெற்றி-தோல்விக் கணக்கு: ரெட் சாக்ஸ் 46-37, யாங்கீஸும் டைகர்ஸும் 45-38. டைகர்ஸ் முதலில் ஆடி ஜெயித்துவிட்டது. யாங்கீஸ் ரெட் சாக்ஸை ஜெயித்தால் மூன்று அணியும் சமம். ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் ஒரு ரன் பின்னால், இரண்டு அவுட், இரண்டு பேர் தளத்தில். பந்து வீசும் மேட்டில் ரெட் சாக்ஸ் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ், 2000ஆம் வருஷக் கார்டு. பேட்டிங்கில் ரூத், 1921: 59 ஹோம் ரன், சராசரி .378.

பகடையை உருட்டிய கையோடு ரூத் கார்டில் விரலை வைத்துவிட்டேன். வெள்ளைப் பகடை 5. அதற்குப் பார்க்க வேண்டியது பிட்சர் பெட்ரோவின் கார்டு. ரூத் கார்டைப் பார்க்கவே வழியில்லை. ஸ்ட்ரைக்அவுட்.

ரெட் சாக்ஸ் 47, டைகர்ஸ் 46, யாங்கீஸ் 45. மூன்றாமிடம். இரண்டு வருஷம் ஆகிறது, அந்த 5 இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், எழுதுங்கள்.

மினியாபோலிஸ்

எனக்கு பிட்சர் வால்டர் ஜான்சன். பழைய வாஷிங்டன் செனட்டர்ஸ் 1961ல் இங்கே வந்து ட்வின்ஸ் ஆனதால் ஜான்சன் எங்கள் அணிக் கணக்கில் வருவார். 1913ல் 36-7, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கிற ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 1.14. அந்த எண்ணைப் பார்த்த பிறகு நான் வேறெதையும் பார்க்கவில்லை. சென்ட்ரல் டிவிஷனில் ட்வின்ஸ் முதலிடம் என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் மென்பொருள் காலத்துக்கு ஏற்ப எண்களைச் சரிசெய்கிற ரகம். 1913ல் அமெரிக்கன் லீகிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் ஃபிராங்க் பேக்கர், மொத்தம் 12. அவரைத்தான் 'ஹோம் ரன்' பேக்கர் என்று அழைத்தார்கள். அந்தக் காலத்து 1.14ஐ அப்படியே வைத்துக்கொண்டு கணித்தது என் தவறு.

மே மாதம் கிளீவ்லாண்டுடன் ஓர் ஆட்டம். நாலாவது இன்னிங்ஸில் ஆல்பர்ட் பெல், மேனி ரமிரெஸ், ஜிம் தோம் மூவரும் அடுத்தடுத்து ஜான்சனின் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார்கள். திரையில் மூன்று வரி. அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தேன். ட்வின்ஸ் 71 வெற்றியோடு கடைசி.

இடதுகை

மினியாபோலிஸ் நண்பரே, பழியை ஜான்சன் தலையில் போடாதீர்கள். காலத்துக்கு ஏற்பச் சரிசெய்தாலும் அவர் விழமாட்டார். 1913ல் அமெரிக்கன் லீகின் மொத்த ஈ.ஆர்.ஏ. 3க்குக் கொஞ்சம் கீழே. 2000ல் கிட்டத்தட்ட 5. அந்த 5ல் பெட்ரோ 1.74 எடுத்தார். விகிதம் போட்டால் பெட்ரோ ஒரு நூல் மேலே, அவ்வளவுதான். ஆனால் பெட்ரோ வீசியது 217 இன்னிங்ஸ், ஜான்சன் 346. நூறு இன்னிங்ஸுக்கும் மேல் கூடுதலாகத் தாங்குகிற ஆள் இருந்தும் அணி கடைசியில் வந்தால் மற்ற நாலு பிட்சர்களையும் புல்பென்னையும் (நடுவில் வந்து வீசும் மாற்று பிட்சர்கள்) பாருங்கள். ஒரு இன்னிங்ஸ் மூன்று ஹோம் ரன் யாருக்கும் நடக்கும்.

சரி, என் கதை. பாப் ஹேசல். தெரிந்தவர்களுக்குப் பெயர் போதும். 1957ல் மில்வாக்கி பிரேவ்ஸுக்கு சீசனின் நடுவில் வந்து 41 ஆட்டம் ஆடினார், சராசரி .403. அடுத்த வருஷத்தோடு மேஜர் லீகில் அவர் கதை முடிந்தது. கார்டுக்கு அது தெரியுமா? 134 முறை அடிக்க வந்தவர் என்பதை அது சொல்லாது, .403 மட்டும்தான் சொல்லும்.

இத்தனை முறையாவது அடிக்க வந்திருக்க வேண்டும் என்கிற குறைந்தபட்ச வரம்பு எங்கள் விதியில் இல்லை. எனக்கு அது தெரியும். பிரேவ்ஸை வைத்திருந்தவர் புதியவர், ஹேசலைக் கவனிக்கமாட்டார் என்று நினைத்து பிரேவ்ஸை நாலாமிடத்தில் எழுதினேன். முதல் நாள் அவர் அனுப்பிய பேட்டிங் வரிசையில் மூன்றாவது ஹேசல், நாலாவது ஹேங்க் ஆரன். அந்த இரண்டு பெயரையும் அந்த வரிசையில் பார்த்ததுமே டிவிஷன் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. முடிந்தது. பிரேவ்ஸ் எட்டு ஆட்ட வித்தியாசத்தில் முதலிடம்.

சராசரி

மூன்று பதிவும் படித்தேன். பகடைப்பெட்டி அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், அடுத்த சீசனுக்கு உதவும்.

முதலில், வரிசையாக எழுதுவதை விடுங்கள். சம பலமுள்ள இரண்டு அணி 162 ஆட்டம் ஆடினாலே வெற்றி எண்ணிக்கை 81க்கு மேலும் கீழும் ஆறு வரை சாதாரணமாக ஆடும், பன்னிரண்டு கூட அதிசயம் இல்லை. உங்கள் 84 ஆட்டத்தில் நாலைந்து ஆடும். உங்கள் டிவிஷனில் முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடைவெளி இரண்டே வெற்றி. அந்த இரண்டை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நிஜ சீசனில் கணிப்பு கொஞ்சமாவது பலிப்பதற்குக் காரணம் மோசமான அணிகள். 1962ல் மெட்ஸ் 40 ஜெயித்து 120 தோற்றது. அப்படி ஒரு அணி இருந்தால் மற்றவர்களுக்கு வெற்றி சேரும், இடைவெளி விரியும். எல்லாக் காலத்து லீகில் கடைசி அணியின் பெஞ்சில்கூட ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா அணியும் உயர்ந்துவிட்டால் யாரும் உயரமில்லை. ரூத் ஒரு பக்கம் நின்றால் எதிர்ப்பக்கம் பெட்ரோ நிற்கிறார், உங்களுக்கு நடந்ததும் அதுதானே.

அடுத்து, வெற்றியைக் கணிக்காமல் ரன்னைக் கணியுங்கள். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸின் பித்தகோரஸ் சூத்திரம் இருக்கிறது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 800 எடுத்து 700 கொடுத்தால் 162ல் சுமார் 92 வெற்றி வரும். கொடுக்கும் ரன்னில் ஃபீல்டிங்கைச் சேர்க்க மறக்காதீர்கள். பெரிய அடிகாரர்களாகப் பார்த்து நிரப்பிய அணியில் ஷார்ட்ஸ்டாப்பும் சென்டர் ஃபீல்டும் ஓட்டையாக இருக்கும். மாற்று கேட்சர் யார் என்றும் பாருங்கள். இடதுகை பிட்சருக்கு எதிராக அணி எப்படி அடிக்கும் என்றும் பாருங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் அதே லீகை நூறு முறை ஓட்டி, ஒவ்வொரு அணியும் எத்தனை முறை முதலிடம் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 'நூறில் முப்பது முறை முதலிடம்' என்பது போன்ற விடைதான் கணிப்பு.

என் அனுபவம் மினியாபோலிஸுக்கு நேர்மாறு. பாப் கிப்சனின் 1968, ஈ.ஆர்.ஏ. 1.12. அது பிட்சர்களின் வருஷம், அடுத்த வருஷமே மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10க்குக் குறைத்தார்கள் என்று சொல்லி அவரை அளவுக்கு மீறிக் கழித்தேன், கார்டினல்ஸை நாலாவதாக வைத்தேன். 94 வெற்றி, முதலிடம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்

சராசரி சார், தற்செயல் கணக்கு சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அதைச் சொன்னால் நாம் கவனிக்காமல் விட்டதும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

எங்கள் லீகில் 19ஆம் நூற்றாண்டு அணிகளும் உண்டு. பிராவிடன்ஸ் கிரேஸைக் கடைசியில் வைத்தேன், அடிக்க ஆளே இல்லை. பிட்சர் ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் அதில் இருப்பது தெரியும். 1884ல் 59 வெற்றி, 60 என்று சொல்பவர்களும் உண்டு. அவர் அந்த ஒரே வருஷத்தில் 678 இன்னிங்ஸ் வீசியதுதான் எனக்கு உறைக்கவில்லை. மென்பொருள் அந்த எண்ணை வைத்துத்தான் களைப்பைக் கணக்கிடும். அதாவது அவருக்குக் களைப்பே கிடையாது.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் ராட்போர்ன் 301 இன்னிங்ஸ். பாதி சீசன் கூட முடியவில்லை. டிவிஷனில் பிராவிடன்ஸ் முதலிடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே ஆள்தான் வீசிக்கொண்டிருந்திருக்கிறார். நூறு முறை ஓட்டினால் நூறு முறையும் அவர்கள்தான் முதலில் வருவார்கள். இதில் அதிர்ஷ்டம் எங்கே?

பிட்ஸ்பர்க்வாசி

நான் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர், கறுப்பின அமெரிக்கர், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். லீகுக்கு என்னைக் கூட்டிப் போனதே அவர்தான். அவர் அணி ஹோம்ஸ்டெட் கிரேஸ், கறுப்பின வீரர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீகுகளில் ஆடிய அணி. ஹோம்ஸ்டெட் இங்கே ஆற்றோரம்தான். பின்னாளில் கிரேஸ் தங்கள் ஆட்டங்களில் பலவற்றை வாஷிங்டனில் கிரிஃபித் மைதானத்தில் ஆடினார்கள், மினியாபோலிஸ் சொன்ன செனட்டர்ஸின் மைதானம்.

கணிப்பில் கிரேஸை ஐந்தாமிடத்தில் வைத்தேன். காரணம் எழுதும் பகுதியில் 'தரவு போதாது, குறுகிய சீசன்கள், நம்ப முடியாது' என்று எழுதினேன். எல்லாரும் படிக்கும்படி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதிய உணவு நேரத்தில் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். தன் கையால் எழுதிய பேட்டிங் வரிசை: கூல் பாப்பா பெல், பக் லெனார்ட், ஜாஷ் கிப்சன். கிப்சன் பெயருக்குப் பக்கத்தில் 1947 ஜனவரி என்று மட்டும் எழுதியிருந்தார். கிப்சன் இறந்த மாதம். வயது 35. மேஜர் லீகில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடியது அதே வருஷம் ஏப்ரல் 15.

தரவு ஏன் போதவில்லை என்று அந்த ஒரு தேதியிலேயே புரிந்துவிட்டது. அவர்களை உள்ளே விடாததால் போதவில்லை.

கிரேஸ் அந்த சீசனில் இரண்டாமிடம் வந்தது. கணிப்பு தவறியது எனக்கு உறுத்தவில்லை, எழுதிய காரணம் உறுத்துகிறது. 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் நீக்ரோ லீகுகளையும் மேஜர் லீகாக ஏற்றது. 2024 மே மாதம் எண்கள் ஒன்றாகச் சேர்ந்தன. வாழ்நாள் சராசரியில் ஜாஷ் கிப்சன் .372, டை காப் .367. செய்தியைப் பார்த்ததும் அவருக்குப் போன் செய்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 'எனக்குத் தெரியும் தம்பி' என்கிற மாதிரி மெல்லச் சிரித்தார்.

பகடைப்பெட்டி

சராசரி, ரன் கணக்கை முயன்று பார்க்கிறேன், ஆனால் உறையில் வரிசைதான் எழுதுவேன், எங்கள் வழக்கம் அது. இடதுகை, வரம்பு எங்களுக்கு 300 முறை, ஹேசல் உள்ளே வரமாட்டார்.

பிட்ஸ்பர்க்வாசி அண்ணா, வரும் சனிக்கிழமை எங்களுக்கு அணிகளைப் பிரிக்கிற நாள். கிரிஃபித் மைதானத்தோடு கிரேஸையும் ஒன்பதாவது அணியாகச் சேர்க்கலாமா என்று நண்பர்களைக் கேட்டேன், சரி என்றார்கள். ஒன்பது அணி என்றால் அட்டவணை இடிக்கும், பத்தாவது அணி வேண்டும். கிரேஸோடு நிற்க யாரைச் சேர்க்கலாம் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?