பலவீனமான நேரத்தில் ஓத ஒரு துஆ (பிரார்த்தனை): தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுளூவுக்கு மகன் தண்ணீர் ஊற்றுகிறான். அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வலியைவிட இதுதான் உறுத்துகிறது.

தாயிஃப் நகரில் கல்லடி பட்டுத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகச் சொல்லப்படும் துஆ நினைவுக்கு வந்தது: ‘அல்லாஹும்ம இலைக்க அஷ்கூ ளஃப குவ்வத்தீ’. யா அல்லாஹ், என் பலவீனத்தை உன்னிடமே முறையிடுகிறேன். அவர்களின் மனைவி கதீஜா (ரலி) அவர்களும் தந்தையின் சகோதரர் அபூதாலிபும் இறந்த பிறகு நடந்த பயணம் அது. ஆனால் இதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். சுன்னத் (நபிவழி) என்று நினைக்காமல், பொதுவான துஆவாக இதை ஓதலாமா?

குர்ஆனில் மூஸா (அலை) அவர்கள் நிழலில் ஒதுங்கிக் கேட்டது (28:24) எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘ரப்பே, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன்.’ இன்னது வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, பாருங்கள்! அப்புறம் ‘என் எலும்புகள் பலவீனமாகிவிட்டன’ என்ற ஸகரிய்யா (அலை) அவர்களின் துஆ (19:4). சுஜூதில் (தொழுகையில் சிரம் பணியும் நிலையில்) குர்ஆன் ஓதத் தடை இருக்கிறதே, துஆ என்ற நிய்யத்தில் (எண்ணத்தில்) இவற்றைக் கேட்கலாமா? தமிழில் கேட்டால் சரியா?

பணிவுக்கென்று நீங்கள் வழக்கமாக ஓதும் துஆ இருந்தால், தமிழ் உச்சரிப்போடு அனுப்புங்கள். குரல் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது, படுத்தபடியே கேட்டு மனனம் செய்துகொள்வேன். ஜஸாக்குமுல்லாஹு கைரன்.