பாபநாசம் விளையாட்டு: அருவிக்குள் நிற்கிறவனுக்கு மட்டும் திரை மங்க வேண்டும். சர்வரா, லோக்கல்ஸ்கிரிப்டா?

ஆத்தங்கரைப் பையன்:
ராப்லாக்ஸில் (விளையாட்டை நாமே கட்டி ஆடுகிற தளம்) நாங்கள் சிலர் சேர்ந்து பாபநாசத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அகத்தியர் அருவிக்குள் போகிறவனுக்கு மட்டும் திரை மங்கி நீலம் பாய வேண்டும். எல்லாருக்கும் பொதுவான சர்வரில் ஓடுகிற ஸ்கிரிப்ட், விளையாட்டின் ஒளி அமைப்பான லைட்டிங்குக்குள் பிளர் எஃபெக்ட் (திரையை மங்கலாக்குவது) போட்டால், படித்துறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கும் சேர்த்து மங்கிவிடும். அதனால் ரிமோட்ஈவென்ட் (சர்வருக்கும் ஆடுகிறவன் போனுக்கும் நடுவே செய்தி போகிற வழி) வைத்து, ஆள் அருவியைத் தொட்டதும் சர்வரிலிருந்து ஃபயர்கிளையண்ட் (அந்த ஒருவனுக்கு மட்டும் செய்தி) விடலாம் என்கிறான் கூட்டாளி. இது சரிதானா?

கல்லிடை அப்பளம்:
சர்வரை இதில் இழுக்கவே வேண்டாம் தம்பி. மங்க வேண்டியது பார்வை. பார்வை என்றால் கேமரா. உன் கேமரா எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது, அதற்குத் தெரிவதெல்லாம் உன் ஆள் நிற்கிற இடம்தான். ஆள் அருவிக்குள் நிற்பான், கேமரா பத்தடி பின்னால் பாறை மேல் இருக்கும். அப்போது திரை மங்கினால் பொய்யாகத் தெரியும். லோக்கல்ஸ்கிரிப்டில், அதாவது ஆடுகிறவன் போனிலேயே ஓடுகிற ஸ்கிரிப்டில், திரை வரையப்படுகிற ஒவ்வொரு ஃபிரேமிலும் கரண்ட்கேமராவின் (அவன் பார்க்கிற கேமரா) இடத்தைப் பார், அருவிப் பெட்டிக்குள் இருந்தால் பிளரைக் கூட்டு, வெளியே வந்தால் குறை. பிளரைக் கேமராவுக்கு அடியிலேயே போட்டுவிட்டால் அடுத்தவன் திரைக்குப் போகாது.

பாளை நோபால்:
அண்ணாச்சி, அருவிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர்கள் விளையாட்டில் மிளகாய்ப்பொடி வீச்சும் இருக்கிறது, நான் ஆடிப் பார்த்திருக்கிறேன். பொடி பட்டவனுக்கு ஐந்து விநாடி கண் தெரியக்கூடாது. அதையும் லோக்கல்ஸ்கிரிப்டிடமே விட்டால், ஏமாற்றுகிறவன் அந்த எஃபெக்டை அழித்துவிட்டு ஜம்மென்று ஓடுவான். யார் மேல் பட்டது, எப்போது முடிகிறது என்பதெல்லாம் சர்வர் கையில்தான் இருக்க வேண்டும். "பார்வைக்கு உரியதெல்லாம் கிளையண்ட் (ஆடுகிறவன் கருவி)" என்று பொதுவாகச் சொல்லி வைத்தால் சின்னப் பையன்கள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

கல்லிடை அப்பளம்:
சர்வர் ஃபயர்கிளையண்ட் விட்டால் மட்டும் அவன் அழிக்க மாட்டானா? அழிப்பான். செய்தி எங்கிருந்து வந்தாலும் வரைவது அவன் போன்தானே. திரையை மறைப்பது தண்டனையே ஆகாது, வேடிக்கைதான். உண்மையான தண்டனை வேண்டுமென்றால் அந்த ஐந்து விநாடியும் அவன் எறிவதை சர்வர் ஏற்காமல் விடட்டும்.

பாளை நோபால்:
அப்போ முடிவு சர்வருடையது என்று ஒத்துக்கொண்டாயிற்று.

கல்லிடை அப்பளம்:
முடிவு என்றுதான் சொன்னேன், படம் என்று சொல்லவில்லை வே.

தச்சநல்லூரான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மைன்கிராஃப்ட் ஜாவாவில் இந்தச் சண்டையே கிடையாது. பார்ட்டிக்கிள் (தெறிக்கிற துகள் காட்சி) கட்டளையின் கடைசியில் யார் பார்க்க வேண்டும் என்று எழுதினால் அவருக்கு மட்டும் தெரியும். பிளகின் (சர்வரில் சேர்க்கிற கூடுதல் நிரல்) எழுதினாலும், எல்லாருக்கும் காட்டுகிற வேர்ல்டை விட்டுவிட்டு ஒரு பிளேயர் மேல் மட்டும் ஸ்பான்பார்ட்டிக்கிளைக் கூப்பிட்டால் போதும். எல்லாம் சர்வரில் ஒரே வரி.

கல்லிடை அப்பளம்:
அங்கேயும் சர்வர் வரைவதில்லை. ஒரே ஒரு ஆளுக்குத் தகவல் அனுப்புகிறது, அவனுடைய கணினி வரைகிறது. அதுதான் ஃபயர்கிளையண்ட்.

ஆத்தங்கரைப் பையன்:
கூட்டாளி டச்டு (தொட்டதும் வரும் செய்தி), டச்எண்டட் (தொடுவது விட்டதும் வரும் செய்தி) வைத்து முயற்சி செய்தான். அருவிக்குள்ளேயே செத்துப்போய் மறுபடி பிறக்கிறவனுக்கு மங்கல் போகவே மாட்டேன் என்கிறது.

பாளை நோபால்:
பழைய உடம்பே போய்விட்ட பிறகு "வெளியே வந்துவிட்டான்" என்று யார் சொல்வது? டச்எண்டட்டை நம்பி எதையும் கட்டாதே. இந்த இடத்தில் அண்ணாச்சி சொன்ன ஃபிரேம் கணக்குதான் நல்லது. கேமரா புது உடம்புக்குப் போனதும் தானாகவே அணைந்துவிடும். பொடிக்கு மட்டும் சர்வர் "இத்தனை மணிக்கு முடிகிறது" என்று நேரத்தை அனுப்பட்டும். இரண்டு பக்கமும் சர்வரின் நேரத்தைச் சொல்லும் கெட்சர்வர்டைம்நௌ பார்த்தால் நேரம் ஒத்துப்போகும். "ஆன்", "ஆஃப்" என்று இரண்டு செய்தி அனுப்பாதே.

மணிமுத்தாறு மழை:
மிளகாய்ப்பொடிக்குத் திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வெட்டுகிறதே, அதை யாருமே கேட்கவில்லை. ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக்கூடாது என்பது இணையத்தளங்களுக்கே உள்ள அணுகல் விதி. வலிப்பு வருகிற பிள்ளைகள் ஆடுவார்கள். செட்டிங்ஸில் அணைக்க ஒரு பொத்தான் வையுங்கள்.

பாளை நோபால்:
வைத்தால் எல்லாரும் அணைத்துவிட்டு ஜெயிப்பார்கள்.

மணிமுத்தாறு மழை:
வெட்டுவதை அணைத்தால் அதற்குப் பதிலாக அசையாத மங்கல் ஒன்று வரட்டும். அதே ஐந்து விநாடி, அதே கண்தெரியாமை. இதற்கும் லோக்கல்ஸ்கிரிப்ட்தான் வசதி, அவரவர் விருப்பம் அவரவர் போனில் இருக்கும்.

கல்லிடை அப்பளம்:
இது எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை.
இன்னொன்று தம்பி. அருவியில் நிற்கிறவன் மேல் தண்ணீர் தெறிப்பதை மற்றவர்களும் பார்க்க வேண்டுமே. அதற்கு அன்ரிலையபிள்ரிமோட்ஈவென்ட் (செய்தி போய்ச் சேரும் என்ற உறுதியில்லாத ரிமோட்ஈவென்ட்) போதும். நடுவில் ஒரு தெறிப்பு தொலைந்தால் யாரும் அழப்போவதில்லை. ஆனால் பொடி பட்ட செய்தியை அதில் விடாதே, அது தொலையக்கூடாது. தூரத்தில் நிற்கிறவனுக்குத் தெறிப்பே வேண்டாம், பழைய போன்கள் திணறும்.

பாளை நோபால்:
ராப்லாக்ஸ் ஸ்டுடியோவில் (விளையாட்டைக் கட்டுகிற மென்பொருள்) உன் கணினியிலேயே ஒரு சர்வர் வைத்து இரண்டு பிளேயர் போட்டுச் சோதித்துவிட்டு வா. ஒரே ஆளாக ஆடிப் பார்த்து "எனக்கு மட்டும்தான் மங்குகிறது" என்று சொல்லாதே. எறிகிறதை சர்வர் தடுக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார், இவர் பேச்சைக் கேட்டு அதை விட்டுவிடப் போகிறாய்.

கல்லிடை அப்பளம்:
தடுக்கச் சொன்னதே நான்தான் வே.