‘தாத்தா வீட்டுப் பிள்ளைகள்’ குழு, சனிக்கிழமை இரவு

வசந்தி அக்கா (8:04): நாளை காலை 10 மணிக்குப் பந்தல் கூட்டம். பட்டர்வொர்த், பெரியப்பா வீடு. எல்லாரும் வரவும். தலைவர் விஷயத்தை நாளைக்கே பேசி முடித்துவிட வேண்டும்.

தினேஷ் (8:05): என்ன விஷயம்?

வசந்தி அக்கா (8:09): சுகு பொறுப்பெடுத்து மூன்று மாதம். வங்கியில் 412 வெள்ளி. கூடாரக்காரருக்கு 3,400 வெள்ளி பாக்கி. தைப்பூசத்துக்கு இன்னும் பத்து வாரம்தான். பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறோமா?

தினேஷ் (8:10): தண்ணீர் பந்தல்தானே அக்கா

வசந்தி அக்கா (8:10): தினேஷ், வேண்டாம்.

செல்வி சித்தி (8:12): பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது? தாத்தா பெயர் பொறித்தது.

குமார் மாமா (8:13): என்னிடம் இல்லை

பவானி (8:13): கோலாலம்பூருக்கு வரவில்லை சித்தி

பெரியப்பா (8:31): அனைவருக்கும் வணக்கம். அவசரப்பட வேண்டாம். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒபாமா 2009 ஜனவரி 20-ல் பதவியேற்றார். அப்போது அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் 7.8 விழுக்காடு. பிப்ரவரியிலேயே பொருளாதாரத்தைத் தூக்கிவிட 787 பில்லியன் டாலர் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அப்படியும் அக்டோபரில் அது 10 விழுக்காட்டைத் தொட்டது. தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பேர் அவரை ஆதரித்தார்கள். வருடக் கடைசியில் பாதிப் பேர்தான். அவர் குழப்பத்தை உண்டாக்கியவர் இல்லை, முன்னால் இருந்தவர் விட்டுப்போன கணக்கு. வந்தவன் முதலில் பழைய கடனைத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. சுகுவும் அப்படித்தான்.

செல்வி சித்தி (8:33): முன்னால் இருந்தவர் என்றால் யாரைச் சொல்கிறீர்கள் மாமா?

பெரியப்பா (8:34): புஷ்ஷைச் சொன்னேன் அம்மா.

செல்வி சித்தி (8:34): எங்கள் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் பந்தல் நடத்தினார். ஒரு வருடமாவது சாப்பாடு குறைந்ததா?

தினேஷ் (8:35): சித்தப்பா புஷ்ஷா 😂

பவானி (8:35): தினேஷ் அழித்துவிடு

தினேஷ் (8:36): பார்த்துவிட்டார். நீல டிக்

குமார் மாமா (8:44): பெரியத்தான், அந்த 2009-ஐ என்னிடம் கேளுங்கள். ஒபாமா பதவியேற்றதை நம் நேரம் இரவு 1 மணிக்கு டிவியில் பார்த்தேன். ஏன் பார்க்க முடிந்தது? நைட் ஷிப்ட் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் கேன்டீனில் நிற்க வைத்து ஒரு கவர் கொடுத்தார்கள், வேலை போச்சு. நமக்கு அங்கே ஓட்டு கிடையாது, ஆனால் ஆர்டர் அங்கிருந்துதான் வரணும். பக்கத்து வீட்டு ஆ செங் தினமும் கேட்பான், உன் ஒபாமா என்ன சொன்னார் என்று.

பவானி (8:46): அப்போ பொறுமையா இருந்தீங்களா மாமா?

குமார் மாமா (8:47): கார் கடன் தவணை மாதம் 7-ஆம் தேதி. 6-ஆம் தேதி வரைக்கும் எனக்கு ஒபாமாவைப் பிடிக்கும்.

வசந்தி அக்கா (8:48): அதைத்தான் நானும் சொல்கிறேன். கூடாரக்காரர் என் கைப்பேசிக்குத்தான் அழைக்கிறார், சுகுவுக்கு இல்லை.

பெரியப்பா (9:02): குமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டதாகப் பிறகு கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். வேலைதான் பின்தங்கி வந்தது. மக்கள் அந்தக் கணக்கையா பார்ப்பார்கள்? 2010 நவம்பரில் அவர் கட்சிக்குக் கீழவையில் 63 இடம் போனது. ஆனால் பதவிக்கு வந்த சில நாளிலேயே தொலைக்காட்சியில் அவரே சொல்லிவிட்டார், மூன்று வருடத்தில் சரிசெய்யாவிட்டால் ஒரு தவணைப் பதவியோடு சரி என்று. 2012-ல் மறுபடி ஜெயித்தார். முன்னாள் அதிபர் ரீகனைப் பாருங்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8, அடுத்த மாதம் ஆதரவு 35 விழுக்காடு. 1984 தேர்தலில் 50 மாநிலத்தில் 49-ல் ஜெயித்தார்.

குமார் மாமா (9:03): ஜூனில் முடிந்ததா? எனக்கு யாரும் சொல்லவில்லையே. தீபாவளிக்கு முன்னால்தான் ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்துக்கு.

பெரியப்பா (9:05): அப்போது நானும் பொறுமையாகத்தான் இருந்தேன் குமார்.

குமார் மாமா (9:05): 2,000 வெள்ளி. 2011-லேயே திருப்பிக் கொடுத்தாச்சு.

பெரியப்பா (9:06): 1,800.

தினேஷ் (9:06): ஐயோ

பவானி (9:07): நாளைக்குப் பசியாற என்ன? இட்லியா தோசையா?

வசந்தி அக்கா (9:08): கூட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். ரீகனுக்கு நாலு வருடம் இருந்தது. எனக்குப் பத்து வாரம். ஓட்டெடுப்பு வைக்கலாமா வேண்டாமா? சுகுவால் முடியாது என்றால் வேறு ஆளைப் போடுவோம்.

தினேஷ் (9:09): அக்கா, சுகு அண்ணனும் இந்தக் குழுவில்தான் இருக்கார்

வசந்தி அக்கா (9:09): ...

வசந்தி அக்கா (9:11): இருக்கட்டும். முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

செல்வி சித்தி (9:12): அண்டாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சுகு அண்ணன் (9:40): எல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். 3,400 பாக்கி போன தைப்பூசத்தோடது. ஆகஸ்ட்டில் முதல் கூட்டத்திலேயே அதை எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். சித்தப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார், வாய் வரவில்லை. அது என் தப்பு. வருடா வருடம் அரிசி கொடுக்கும் இரண்டு பேர் இந்த முறை கடையில் வியாபாரம் இல்லை என்கிறார்கள். கூடாரக்காரரிடம் நேற்று 500 கட்டினேன், என் கையிலிருந்து. ரசீது இருக்கிறது. இந்த வருடம் மூன்று நாளும் மோர், சாப்பாடு ஒரு நாள் மட்டும். அதுதான் என் யோசனை.

பவானி (9:41): 👏

வசந்தி அக்கா (9:43): சாப்பாடு ஒரு நாளா? தாத்தா காலத்திலிருந்து மூன்று நாள்.

குமார் மாமா (9:44): தாத்தா காலத்தில் அரிசி என்ன விலை

மணி சித்தப்பா (9:51): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ் (9:51): சித்தப்பா?

மணி சித்தப்பா (9:58): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி சித்தப்பா (10:02): சுகு, அந்த ரசீது எண்ணை எனக்கு அனுப்பு.

பெரியப்பா (10:03): நல்லது. ரூஸ்வெல்ட் 1933-ல் வந்தவுடன் வங்கிகளை மூடிவிட்டு, வானொலியில் மக்களிடம்

வசந்தி அக்கா (10:03): பெரியப்பா, நாளைக்கு.

தினேஷ் (10:04): அப்போ ஓட்டெடுப்பு உண்டா இல்லையா?

வசந்தி அக்கா (10:06): வாங்க, பேசிக்கலாம். சுகு, கணக்குப் புத்தகத்தோடு 9.30-க்கே வந்துவிடு.

சுகு அண்ணன் (10:07): சரிக்கா. சித்தி, அண்டா என் வீட்டு ஸ்டோரில்தான் இருக்கு. காலையில் காரில் போட்டுக் கொண்டு வரேன்.

செல்வி சித்தி (10:08): மூடி?

சுகு அண்ணன் (10:10): மூடி இல்லை சித்தி.

செல்வி சித்தி (10:10): அதானே பார்த்தேன். குமாரு, உன் வேனில் பாரு.